வலி போனது வேறு, கால் தேறியது வேறு: முழங்கால் ஜவ்வு அறுவைக்குப் பின் களம் திரும்பிய அனுபவங்கள்

கபடி ரெய்டர், திண்டுக்கல் மாவட்டம்

2023 மாட்டுப் பொங்கல் இரவு. பக்கத்து ஊரில் பெண்கள் கபடி, அரையிறுதி. ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருந்தது. நாங்கள் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். எதிரே ஆறு பேர் நின்றார்கள், போனஸ் எடுக்கலாம். போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்றிய இடது காலிலேயே உடம்பைச் சுழற்றி நடுக்கோட்டை நோக்கித் திரும்பினேன். அந்த நொடியில் யாரும் என்னைத் தொடவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைக்கும் ஊரில் "யார் பிடித்துக் காலை முறித்தது?" என்றுதான் கேட்கிறார்கள். பாதம் மண்ணில் பதிந்து நின்றுவிட்டது, இடுப்பு திரும்பிவிட்டது, நடுவில் மாட்டிக்கொண்டது முழங்கால். உள்ளே 'படக்' என்று ஒரு சத்தம். ஒலிபெருக்கி இரைச்சலுக்கு நடுவிலும் எனக்கு அது கேட்டது.

ஒரு மணி நேரத்தில் முட்டி பலாக்காய் போல வீங்கிவிட்டது. மறுநாள் எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பு உடையவில்லை என்றார்கள், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. கட்டுப் போடும் வைத்தியர் ஒருவரிடம் போய் மூன்று வாரம் கட்டோடு இருந்தேன். வீக்கம் வடிந்தது, நடந்தேன், கல்லூரிக்குப் போனேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மார்ச் மாதம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் எந்தக் காரணமும் இல்லாமல் மடங்கியது. இரண்டு வாரத்தில் மூன்று முறை. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மதுரையில் பார்த்த எலும்பு மருத்துவர் என்னைப் படுக்க வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, கெண்டைக்காலை முன்னால் இழுத்துப் பார்த்தார். அரை நிமிடம்தான். "ஏ.சி.எல். போயிருக்கிறது, எம்.ஆர்.ஐ. எடுத்து உறுதி செய்துகொள்வோம்" என்றார். தொடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் முழங்காலுக்குள்ளே குறுக்காகப் பிணைக்கும் இரண்டு ஜவ்வுகளில் முன்னால் இருப்பது அது. காலை ஊன்றித் திரும்பும்போது கீழ் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. எம்.ஆர்.ஐ.யில் இன்னொன்றும் தெரிந்தது: மெனிஸ்கஸ் எனப்படும் மெத்தை போன்ற குருத்தெலும்பின் ஓரமும் கிழிந்திருந்தது. அது அன்றைக்கே கிழிந்திருக்கலாம், பிறகு கால் மடங்கி மடங்கிக் கிழிந்திருக்கலாம் என்றார். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

ஏப்ரலில் அறுவை சிகிச்சை நடந்தது. அதே காலின் பின்தொடையிலிருந்து தசைநாண் எடுத்து, எலும்பில் துளையிட்டுப் புதிய நாராகப் பொருத்தினார்கள். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். யாரும் சொல்லாதவற்றைச் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் இயன்முறை மருத்துவரான பிசியோ அக்கா "தொடையை இறுக்கு" என்றார். நான் இறுக்கினேன். தொடை அசையவில்லை. என் உடம்பில் ஒரு பகுதி என் பேச்சைக் கேட்கவில்லை என்பது எவ்வளவு பயமாக இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. முட்டி வீங்கியிருந்தால் மூளை முன்தொடைத் தசைக்கு ஆணை அனுப்புவதையே குறைத்துவிடும், இது எல்லோருக்கும் வரும் என்று அவர் சொன்ன பிறகுதான் அழுகை நின்றது. தழும்புக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப் போயிருந்தது. இன்றும் அந்த இடத்தில் கொசு கடித்தால் தெரியாது. எங்கள் வீட்டில் குந்தி உட்கார்ந்து போகும் கழிப்பறை. பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவே துளை வெட்டித்தான் அப்பா சமாளித்தார். வெளிநோயாளிச் சீட்டில் எழுதித் தரும் எந்தக் குறிப்பிலும் இது இருக்காது.

காலை மடக்குவதைப் பற்றித்தான் எல்லோரும் விசாரிப்பார்கள். "சம்மணம் போட முடிகிறதா?" என்பார்கள். பிசியோ அக்கா கேட்டது நேர் எதிரானது: "முழுசாக நீட்ட முடிகிறதா?" குதிகாலுக்கு அடியில் போர்வையைச் சுருட்டி வைத்து, முட்டி தானாகப் படியும் வரை பத்து நிமிடம், ஒரு நாளைக்கு ஐந்து தடவை. நீட்ட வராத கால் நடக்கும்போது விந்தும், விந்தும் காலில் தொடைச் சதை ஏறாது.

என் அம்மா தையற்காரர். அறுவைக்குப் பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பிசியோ அக்கா சொன்னபடி முட்டிக்கு ஒரு சாண் மேலே இஞ்சு டேப்பைச் சுற்றி இரண்டு தொடையையும் அளந்தார். வலது 19, இடது 17. நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தார். அதன் பிறகு ஒரு ஞாயிறு கூட விட்டதில்லை.

ஐந்தாம் மாதம் வலி அறவே போய்விட்டது. ஆறாம் மாதம் மைதானத்தைச் சுற்றி ஓடினேன். அக்டோபர் 13 அன்று சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக நியூசிலாந்தின் கேன் வில்லியம்சன் 78 ரன் எடுத்தார். மார்ச் 31 அன்று ஐ.பி.எல். முதல் ஆட்டத்தில் எல்லைக் கோட்டருகே பந்தைப் பிடிக்கத் தாவி விழுந்து இதே ஜவ்வு கிழிந்தவர் அவர். அன்று இரவே எங்கள் அணித் தலைவி அக்கா போன் செய்தார். "அவருக்கும் உனக்கும் ஒரே மாதம்தான் ஆபரேஷன். அவர் உலகக் கோப்பையே ஆடுகிறார். நீ பொங்கலுக்கு வந்துவிடு." அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பாசம்தான். நானும் நம்பினேன். அவர் பின்னால் மருத்துவக் குழுவே நின்றதையும், கபடியில் ஒரு ரெய்டுக்கு நாலு தடவை ஒற்றைக் காலில் திரும்ப வேண்டியிருப்பதையும் நான் யோசிக்கவில்லை.

டிசம்பர் கடைசியில் பிசியோ அக்கா பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார். ஒற்றைக் காலில் நின்று, முன்னால் தாவி, அதே காலில் தடுமாறாமல் இறங்க வேண்டும். வலது கால் 138 சென்டிமீட்டர். இடது கால் 104. அவர் தாளைத் திருப்பிக் காட்டினார்: 75 சதவீதம். "90 வராமல் நான் விடமாட்டேன்" என்றார். எனக்கு ஒரு வலியும் இல்லை, எட்டு மாதம் தாண்டிவிட்டது, ஊரில் என் பெயர் போட்டு நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். நான் கத்தினேன். இரண்டு வாரம் அவரிடம் போகவே இல்லை.

2024 பொங்கலுக்கு நான் ஆடவில்லை. எங்கள் அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது. தலைவி அக்கா அதன் பிறகு மூன்று மாதம் என்னிடம் பேசவில்லை. ஆனாலும் அந்தத் தாளில் இருந்த 104 என்ற எண்ணை வெல்ல முடியும் என்பது மட்டும் எனக்குப் பிடிபட்டது. ஏனென்றால் அது வலி மாதிரி இல்லை, அளக்கக்கூடியது. மே மாதம் 142க்கு 131. ஆகஸ்டில் ஆடித் திருவிழாவில் ஆடினேன்.

இந்த அறுவை செய்துகொண்டு மைதானத்துக்குத் திரும்பியவர்கள், திரும்ப முடியாதவர்கள், இருவருமே எழுதுங்கள். வீட்டில் உட்கார்ந்துகொண்டு 'எத்தனை மாதம்' என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் படிக்க வேண்டும்.


வாலிபால் பிளாக்கர், வாணியம்பாடி

தங்கை, நான் திரும்பவும் முடிந்தது, திரும்ப முடியாமலும் போனது. அதனால் இரண்டு வரிசையிலும் என்னைச் சேர்த்துக்கொள்ளலாம்.

2019 பிப்ரவரியில் வலது முழங்காலில் அறுவை. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சிக்குப் போனேன். பிறகு தோல் தொழிற்சாலை வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது, பயிற்சி நின்றது. சைக்கிள் மிதித்தேன், மாடிப்படி ஏறினேன், அதுவே போதும் என்று நினைத்தேன். ஆறாம் மாதம் மருத்துவரிடம் போனபோது, "நன்றாகப் பிடித்திருக்கிறது, மெல்ல ஆரம்பிக்கலாம்" என்றார். என் காதில் 'ஆரம்பிக்கலாம்' மட்டும் விழுந்தது. 'மெல்ல' விழவே இல்லை.

நவம்பரில் ஒரு போட்டி. ஒரு நாள் கூட வலி இருந்ததில்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் இரண்டு செட் பறந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றாவது செட்டில் வலையோரம் பிளாக் செய்ய எகிறி, வலது காலில் மட்டும் இறங்கினேன். முட்டி உள்பக்கமாகச் சாய்ந்ததை நானே பார்த்தேன். அதே சத்தம்.

இரண்டாவது அறுவையில் முழங்கால் சிரட்டைக்குக் கீழே இருக்கும் நாணிலிருந்து, இரு முனையிலும் சிறு எலும்புத் துண்டோடு நாரை எடுத்தார்கள். அது பலமான முறை, பல விளையாட்டு வீரர்களுக்கு அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் சிலருக்கு மண்டியிட்டால் முன்பக்கம் வலிக்கும். எனக்கு அது நேர்ந்தது. ஐந்து வேளைத் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவுக்குப் போகும்போதெல்லாம் அந்த இடம் தரையில் படும். இரண்டு வருடம் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதேன். எனக்கு முப்பது வயது, பக்கத்தில் எழுபது வயது பெரியவர்கள். அந்த வரிசையில் உட்கார்ந்த முதல் வெள்ளிக்கிழமை மனம் பட்ட பாட்டைச் சொல்ல முடியாது. இப்போது மடித்த துண்டு போட்டுத் தரையிலேயே தொழுகிறேன், அல்ஹம்துலில்லாஹ்.

போட்டியில் மறுபடி ஆடவில்லை. மாலையில் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். எகிறுவதை அவர்களே கற்றுக்கொள்வார்கள். நான் கற்றுக்கொடுப்பது இறங்குவது. இரண்டு காலில், முட்டி மடங்கி, பாதத்துக்கு நேர் மேலே முட்டி நிற்க, தரையில் சத்தம் வராமல் இறங்க வேண்டும். 'தொப்' என்று விழும் பையனை அன்று வலைக்குப் பக்கத்தில் விடமாட்டேன். அவர்கள் சலித்துக்கொள்கிறார்கள், சலித்துக்கொள்ளட்டும்.


இயன்முறை மருத்துவர், மதுரை

வாணியம்பாடி சகோதரர் எழுதியதில் ஒரு வரியை நான் என் அறையின் சுவரில் எழுதி வைக்க விரும்புகிறேன்: ஒரு நாள் கூட வலி இருந்ததில்லை. பதினான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். மறுபடி கிழிந்து வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இதையே சொல்கிறார்கள்.

ஏன் என்று விளங்கிக்கொண்டால் கோபம் வராது. பொருத்திய நார் முதல் நாளிலிருந்தே ஜவ்வாகிவிடுவதில்லை. அது இரத்த ஓட்டத்திலிருந்து அறுத்து எடுக்கப்பட்ட ஒரு துண்டு. அதிலிருந்த உயிரணுக்கள் முதலில் மடிகின்றன. பிறகு புதிய இரத்த நாளங்கள் அதற்குள் நுழைகின்றன, புதிய அணுக்கள் குடியேறுகின்றன, நாரின் இழைகள் கலைந்து மறுபடி அடுக்கப்படுகின்றன. இதற்கு ஒரு வருடமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். நார் மிகவும் நலிந்திருப்பது ஏறக்குறைய இரண்டாம், மூன்றாம் மாதங்களில். அதே சமயத்தில்தான் வீக்கம் வடிந்து, வலி போய், நடை சீராகிறது. நாற்று பச்சை பிடித்துவிட்டது என்று அறுவடைக்கு அரிவாள் எடுக்க மாட்டோம் அல்லவா? காலுக்கு மட்டும் அந்தப் பொறுமை வருவதில்லை.

2016இல் வெளியான ஒரு ஆய்வை நான் எல்லாப் பெற்றோரிடமும் சொல்வேன். நார்வேயிலும் அமெரிக்காவிலும் உள்ள குழுக்கள் சேர்ந்து, இந்த அறுவை செய்துகொண்ட விளையாட்டு வீரர்களை இரண்டு வருடம் தொடர்ந்து கவனித்தன. ஒன்பதாம் மாதம் வரை, களம் திரும்புவதைத் தள்ளிப் போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் 51 சதவீதம் குறைந்தது. இதைக் கேட்டதும் எல்லோரும் 'அப்படியானால் ஒன்பது மாதம்' என்று எழுதிக்கொள்கிறார்கள். அதே ஆய்வின் மறுபாதியை யாரும் எழுதிக்கொள்வதில்லை. பலம், தாவல் முதலிய சோதனைகளில் தேறாமலே திரும்பியவர்களில் 38 சதவீதம் பேருக்கு மறுபடி காயம். தேறித் திரும்பியவர்களில் 6 சதவீதத்துக்கும் குறைவு. திண்டுக்கல் தங்கையை அந்தப் பிசியோ அக்கா பொங்கலுக்கு விடாததற்குப் பின்னால் இருந்தது இதுதான்.

25 வயதுக்குக் கீழே, வேகமாகத் திரும்பும் ஆட்டங்களுக்கு மறுபடி போகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இரண்டாவது முறை ஜவ்வு கிழிகிறது. அறுவை செய்த காலில் மட்டுமல்ல, நல்ல காலிலும் கிழிகிறது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம் என்பது ஆயுள் மாதிரி. அந்த வயதில்தான் ஆபத்தும் அதிகம்.

சோதனைக்குப் பெரிய இயந்திரம் வேண்டும் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். தொடையின் பலத்தைச் சரியாக அளக்க இயந்திரம் இருந்தால் மிகவும் நல்லது. இல்லாத இடத்தில் ஜிம்மில் இருக்கும் கால் நீட்டும் கருவியில் ஒவ்வொரு காலாக எவ்வளவு எடை தூக்க முடிகிறது என்று பிசியோ முன்னிலையில் பார்க்கலாம். தாவலுக்கு ஒரு டேப், ஒரு சுண்ணாம்புக் கட்டி போதும். ஒற்றைத் தாவல், தொடர்ந்து மூன்று தாவல், கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி மூன்று தாவல், ஆறு மீட்டரை ஒற்றைக் காலில் கடக்கும் நேரம். நல்ல காலோடு ஒப்பிட்டு 90 சதவீதமாவது வர வேண்டும். தூரத்தை மட்டும் பார்க்காதீர்கள், செல்போனில் முன்னாலிருந்து படம் எடுங்கள். 95 சதவீதம் தாவிவிட்டு முட்டியை உள்ளே சாய்த்து இறங்கும் பிள்ளையை நான் அனுப்பமாட்டேன்.

ஒரு ஏமாற்று இதில் உண்டு. ஒரு வருடம் ஆடாமல் இருந்தால் நல்ல காலும் மெலிந்துவிடும். இரண்டு நோஞ்சான் கால்களை ஒப்பிட்டால் 95 வரும். அதனால் நல்ல காலின் அளவையும் ஆரம்பத்திலேயே குறித்து வையுங்கள். தங்கையின் வலது கால் 138இலிருந்து 142க்கு ஏறியிருப்பதைக் கவனித்தேன். அந்த 131க்கு மதிப்பு கொடுப்பது அதுதான்.

முட்டிக்கு உறை மாட்டினால் போதுமா என்று வாரம் நாலு பேர் கேட்கிறார்கள். வெதுவெதுப்பாக இருக்கும், தைரியமாக இருக்கும். ஜவ்வின் வேலையை அது செய்யாது.

மனம் தேறுவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அறுவைக்குப் பின் ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம், பழைய தரத்துக்கே திரும்பியவர்கள் 65, போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55. முட்டி சரியாகியும் திரும்பாதவர்கள் பலர். அவர்களில் நிறையப் பேருக்குத் தடையாக நிற்பது பயம். அதை அளக்கவும் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. என்னிடம் வரும் பையன்கள் அதை நிரப்பக் கூச்சப்படுவார்கள். 'பயமாக இருக்கிறது' என்று எழுதிய பையனோடுதான் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கிறது.


கால்பந்து வீராங்கனையின் தந்தை, கன்னியாகுமரி கடற்கரை

எனக்கு எழுத்து அதிகம் வராது. கடல் தொழில். எங்கள் கரையில் பையன்கள் நடக்கப் பழகியதும் பந்து உதைப்பார்கள். என் மகளும் அப்படித்தான். பதினாறு வயதில், ஏழு பேர் ஆடும் போட்டியில், பந்தை வெட்டித் திரும்பும்போது போயிற்று. 2023 மே மாதம்.

அவள் அறையில் அலெக்ஸியா புதெல்லாஸ் படம் ஒட்டியிருப்பாள். ஸ்பெயின் நாட்டுக்காரி, உலகின் சிறந்த வீராங்கனை விருதை இரண்டு தடவை வாங்கியவர். 2022 ஜூலையில் ஐரோப்பியக் கோப்பை தொடங்கும் தறுவாயில் அவருக்கும் இதே ஜவ்வு கிழிந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் இறுதியில்தான் மறுபடி களம் இறங்கினார். மகள் ஆபரேஷன் முடிந்து ஊன்றுகோலோடு இருந்தபோது உலகக் கோப்பை நடந்தது. இங்கிலாந்தின் லியா வில்லியம்சனும் பெத் மீடும், நெதர்லாந்தின் மீடமாவும் இதே காயத்தால் வரவில்லை என்று எனக்கு விளக்கினாள். ஸ்பெயின் கோப்பையை வென்ற அன்று காலை நீட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷமா வருத்தமா என்று நான் கேட்கவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு இந்தக் காயம் ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது என்று பிசியோ சொன்னார். எலும்பின் அமைப்பு ஒரு காரணம் என்றார். ஆனால் எனக்கு வேறு கணக்கும் தெரிகிறது. பையன்களைப் பத்து வயதிலேயே எடை தூக்க விடுகிறோம், மரம் ஏற விடுகிறோம், வள்ளம் தள்ள விடுகிறோம். அவளுக்குப் பதினைந்து வயது வரை யாரும் ஒரு குதி, ஒரு தாவல் முறையாகச் சொல்லித் தரவில்லை. பூட்ஸ் கூட அண்ணன் போட்டுக் கழித்தது. அதில் என் தவறும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து கேட்ட முதல் கேள்வி "நாளைக்குக் கல்யாணம் பேசும்போது இந்தத் தழும்பை என்ன சொல்வது?" என்பது. அவள் மறுபடி ஓடுவாளா என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை என் மகள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றுதான் நான் முடிவு செய்தேன்: இவள் ஆட வேண்டும் என்று சொன்னால் ஆடுவாள், வேண்டாம் என்றால் அதுவும் அவளே சொல்வாள்.

பதின்மூன்று மாதம் ஆயிற்று. இப்போது அவள் அணியில் பயிற்சிக்கு முன்னால் இருபது நிமிடம் எல்லோரும் சேர்ந்து ஓடி, குந்தி, ஒற்றைக் காலில் நின்று, குதித்து இறங்குகிறார்கள். ஃபிஃபா வகுத்த பயிற்சி முறையாம். முன்னின்று சொல்லித் தருவது என் மகள்.


பூப்பந்து ஆட்டக்காரர், பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

அறுவை செய்யாமல் திரும்பியவர்களும் இருக்கிறோம், அதையும் பதிந்து வைக்கிறேன். 41 வயதில் கிழிந்தது. மெனிஸ்கஸ் தப்பியிருந்தது, கால் மடங்கவில்லை. மூன்று மாதம் கடுமையாகப் பயிற்சி செய்து பார்ப்போம், மடங்கினால் அறுவை என்று மருத்துவரே சொன்னார். ஸ்வீடனில் 121 இளம் வயதினரைக் கொண்டு நடத்திய ஆய்வில், முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை என்று விடப்பட்ட 59 பேரில் ஐந்து வருடம் கழித்தும் 29 பேர் அறுவை செய்துகொள்ளாமலே இருந்தார்கள் என்று அவர் எடுத்துக்காட்டினார்.

இது எல்லோருக்கும் பொருந்தாது. கபடியும் கால்பந்தும் போட்டித் தரத்தில் ஆட வேண்டிய இருபது வயதுப் பிள்ளைக்கு என் கதையை வழிகாட்டியாக வைக்காதீர்கள். நான் இரட்டையர் ஆட்டத்துக்கு மாறிக்கொண்டேன், பின்வரிசையை விட்டுவிட்டேன். ஆனால் ஒன்று: பயிற்சி ஒரு நாள் கூடக் குறையவில்லை. கத்தி வைக்காததால் வேலை குறையும் என்று எண்ணுகிறவர்கள் ஏமாறுவார்கள்.


வாலிபால் பிளாக்கர், வாணியம்பாடி

தங்கை, ஆடித் திருவிழாவில் ஆடினேன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். முதல் ரெய்டு எப்படி இருந்தது? என்னால் அந்த இடம் வரை போக முடியவில்லை, அதனால் கேட்கிறேன்.


கபடி ரெய்டர், திண்டுக்கல் மாவட்டம்

அண்ணா, அதை எழுதாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. முதல் ரெய்டு நன்றாக இல்லை.

மே மாதம் சோதனையில் தேறியதும் பிசியோ அக்கா என்னை ஆட்டத்துக்கு அனுப்பவில்லை. முதல் இரண்டு வாரம் எதிரே ஆளே இல்லாத களத்தில் ரெய்டு போனேன். பிறகு ஒருவர் நின்றார், தொடமாட்டார். பிறகு மூலையில் இருவர், தொடுவார்கள், இழுக்கமாட்டார்கள். ஏழு பேரும் நின்று முழுசாகப் பிடிக்கத் தொடங்கியது ஜூலை இறுதியில்தான். முதல் முறை இடது கணுக்காலில் கை விழுந்தபோது மூச்சை விட்டுவிட்டேன். கபடிப் பாட்டு நின்றுபோயிற்று. அவர்கள் பயந்து என்னை விட்டுவிட்டார்கள். "விடாதீர்கள், பிடியுங்கள்" என்று நான்தான் கெஞ்சிக் கேட்டேன்.

திருவிழா அன்று முதல் ரெய்டில் நடுக்கோட்டைத் தாண்டி, ரெய்டர் கட்டாயம் தாண்ட வேண்டிய பால்க் கோட்டைக் கடந்து, தொட்டும் தொடாமலும் திரும்பிவிட்டேன். இரண்டாவதிலும் அதேதான். எல்லாத் திருப்பத்தையும் வலது காலிலேயே செய்கிறேன் என்பது எனக்குத் தெரியவில்லை. எதிரணியின் மூலையில் நின்றவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் ஓரடி நகர்ந்து என் வலது பக்கத்தை அடைத்து நின்றாள். அவள் கண்ணைப் பார்த்ததும் விளங்கியது. நான் போகக்கூடிய வழி ஒன்றே ஒன்றுதான் திறந்திருந்தது, அதற்கு இடது காலில் ஊன்றித் திரும்ப வேண்டும்.

மூன்றாவது ரெய்டு. முட்டியைப் பற்றி யோசித்தேனா என்று இப்போது நினைத்துப் பார்த்தால் ஞாபகம் இல்லை. பாதம் பதிந்தது, முட்டி மடங்கி நின்றது, இடுப்பு திரும்பியது, என் கை அவள் தோளில் பட்டது. நடுக்கோட்டுக்கு வந்த பிறகுதான் எந்தக் காலில் திரும்பினேன் என்பதே உறைத்தது. ஒரு புள்ளி. தலைவி அக்கா ஓடி வந்து கட்டிக்கொண்டார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. ஆட்டத்தில் தோற்றோம், 31க்கு 27.

அம்மா அதுவரை என் ஆட்டத்தைப் பார்க்க வந்ததே இல்லை, அன்று வந்திருந்தார். கடைசி வரிசையில், ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். வீட்டுக்கு வரும்போது இரவு பதினொன்று. குளித்துவிட்டுச் சாப்பிட உட்காரப் போனேன். அம்மா தையல் மேசையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். அன்று சனிக்கிழமைதான், இருந்தாலும் அளந்தார். வலது பத்தொன்பதே கால். இடது பத்தொன்பது. தேதியைப் போட்டு எழுதிவிட்டு, "கால் இஞ்சு இன்னும் இருக்கிறது, நாளைக்கும் பயிற்சிக்குப் போ" என்று சொல்லிச் சோற்றைப் போட்டார்.